உடன் ஓடுதல்

ஜனவரி மாதம், பொழுது புலராத நேரம். சென்னை மாரத்தானில் 10 கி.மீ. ஓடுவதற்காக வந்த கூட்டத்தில், அப்பாவின் டீ ஷர்ட்டில் எண் அட்டையை வைத்து நாலு மூலையிலும் ஊக்கு குத்திக்கொண்டிருப்பாள் ஒரு மகள்.

அந்த அட்டையோடு வரும் சிப், ஒவ்வொருவர் நேரத்தையும் தனித்தனியே குறித்துக்கொள்ளும். கடைசியில் கிளம்புகிறவருக்கும் நஷ்டமில்லை. தொடக்கக் கோட்டை அவர் தாண்டிய பிறகுதான் அவருடைய கணக்கு ஆரம்பம். எவ்வளவு நியாயமான ஏற்பாடு!

ஆனால் குடும்பமாக ஓடுகிறவர்களுக்கு வேறொரு கணக்கு இருக்கிறது. அங்கே வேகத்தைத் தீர்மானிப்பது பின்தங்கியவரின் மூச்சு. வீட்டில் விடிந்தால் போதும், "சீக்கிரம், சீக்கிரம்" என்று ஒருவரையொருவர் விரட்டுகிறோம். இங்கே முன்னால் போனவர் திரும்பிப் பார்க்கிறார், ஓட்டத்தை நடையாக்கிக்கொள்கிறார். சில நிமிடங்கள் போகும். போகட்டும். நமக்காக ஒருவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டது எந்தச் சிப்பிலும் பதிவாகாது. பக்கத்தில் ஓடியவருக்கு மட்டும் தெரியும்.

தண்ணீர் கொடுக்கும் இடம் வந்துவிட்டது. அப்பா பாதி குடித்த கோப்பையை மகளிடம் நீட்டுகிறார்.