குற்றவாளி யார்?

1945 டிசம்பரில், ஸ்டாக்ஹோம் நகரில், நோபெல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் அலெக்சாண்டர் பிளெமிங் ஒரு கற்பனைக் கதை கூறினார். பென்சிலினைக் கண்டறிந்த அந்த அறிஞரின் கதை இது: ஒருவனுக்குத் தொண்டைப்புண். தானே பென்சிலின் வாங்குகிறான். போதிய அளவு உட்கொள்ளவில்லை. கிருமி சாகவில்லை, மருந்தைத் தாங்கும் திறம் பெற்றது. அக்கிருமி அவன் மனைவியைப் பற்றியது. அவளுக்கு நிமோனியா கண்டது. பென்சிலின் தந்தனர், பலிக்கவில்லை, மாண்டாள். அவள் சாவுக்குக் காரணம் யார்? கணவனே என்று தீர்ப்பளித்தார் பிளெமிங்.

அறிவியலை ஏற்கிறோம்; தீர்ப்பை ஆராய வேண்டாமா?

கோடானுகோடிக் கிருமிகளுள் சில, தம்முள் நேர்ந்த மாற்றத்தால் மருந்துக்கு மசிவதில்லை. மற்றவை மடிய, மசியாதவை எஞ்சிப் பெருகுகின்றன. தம் வல்லமையைப் பிற கிருமிகளுக்கும் வழங்குகின்றன. இது விதியுமன்று, ஆண்டவன் சினமுமன்று. டார்வின் கண்ட இயற்கைத் தேர்வு. கார்பபெனம் எனும் வலிய மருந்துகளையே சிதைக்கும் நொதி கொண்ட கிருமிகள் சென்னை நோயாளிகளிடமும் அரியானா நோயாளிகளிடமும் இருந்ததை 2010-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. மருந்துக்கு அடங்காத கிருமிகளால் 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர் என அறிஞர்கள் மதிப்பிட்டுள்ளனர்.

இனி, பிளெமிங் கூண்டில் ஏற்றிய அந்த மனிதனைத் திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் அழைத்து வருவோம். காரும் கைப்பேசியும் செய்து கடல் கடந்து அனுப்பும் ஆலைகள் அணிவகுத்த வட்டாரம் இது. அவன் இங்கே ஒப்பந்தத் தொழிலாளி. ஓர் அறையில் பலரோடு படுக்கிறான். இரவு ஷிப்டு முடிகையில் உடல் கொதிக்கிறது. மறுநாள் போகாவிட்டால் கூலி இல்லை. மருத்துவரிடம் காத்திருந்தால் அரை நாள் போகும். மருந்துக் கடையிலோ அரை நிமிடம். நாலு மாத்திரை வாங்குகிறான், இரண்டை விழுங்குகிறான், மிச்சத்தை அறைத்தோழனுக்கு ஈகிறான். இவன் கொலைகாரனா?

2021 டிசம்பரில் இவ்வட்டாரத்துக் கைப்பேசி ஆலை ஒன்றின் பெண்கள், விடுதி உணவு நஞ்சானதால் 150 பேருக்கு மேல் மருத்துவமனை சேர்ந்தனர். அவர்தம் தோழியர் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்தனர். நோயை விடுதியிலே விளைவித்துவிட்டு, ‘மருந்தை அளவோடு உண்’ என்று உபதேசிப்பது எந்த ஊர் நீதி?

அப்படியானால் மருந்தைக் கேட்டவர்க்கெல்லாம் கேட்டபடி வாரி வழங்குவதா? 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த ‘எச்1’ பட்டியல், கிருமிக்கொல்லி மருந்துகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது, விற்றதைப் பதிவேட்டில் எழுதவும் வேண்டும் என்றது. “ஏழைக்கு எட்டாத மருத்துவரின் சீட்டைக் கேட்பது, அன்று வேதத்தைப் பூட்டி வைத்ததற்கு ஒப்பாகாதா?” என்று தோழர் ஒருவர் வினவலாம். நல்ல வினா. இதே திருப்பெரும்புதூரில் பிறந்த இராமானுசர், மறைத்து வைத்த மந்திரத்தைத் திருக்கோட்டியூர்க் கோபுரமேறி ஊரறியக் கூவினார் என்பது வைணவர் கூறும் கதை. பூட்டை உடைக்கத் துணிந்த அந்நெஞ்சை நாமும் மதிப்போம். ஆனால் மந்திரத்தை ஆயிரம் பேர் ஓதினாலும் அது குறையாது. குறைவதற்கு அதில் ஏதுமில்லை! மருந்தின் ஆற்றல் அப்படியன்று. அது ஏரி நீர். வேண்டாத இடத்தில் பாய்ச்சினால் வேண்டிய நாளில் வறளும். ஆகவே மடைக்குக் காவல் வேண்டும். ஆயினும், கடைமடை வயலுக்கும் முறைப்படி நீர் பாய்ந்தால்தான் அக்காவல் நீதி. இல்லையேல் அது மேல்மடைக்காரனின் ஆதிக்கம்.

அறிந்தும், மாற்று வழி இருந்தும், பொதுச்சொத்தைக் கெடுப்பவனே முதற் குற்றவாளி. சளிக்குக் காரணம் வைரஸ், அதற்கு இம்மருந்து பயன்படாது என்று தெரிந்தும் எழுதித் தரும் மருத்துவர். ஆதாயம் கருதிச் சீட்டின்றி விற்கும் கடைக்காரர். மனிதனுக்குக் கடைசிப் புகலான கோலிஸ்டினைக் கோழித் தீவனத்தில் கலந்தோர் — 2019-இல்தான் இந்திய அரசு அதைத் தடுத்தது. காய்ச்சலுக்கும் கூலி வெட்டும் முதலாளி. கண்டும் காணாத அரசு. இவர்களையெல்லாம் கூண்டில் நிறுத்திய பின், வரிசையின் கடைசியில் நிற்கட்டும் அந்தத் தொழிலாளி!

அவனுக்குக் கடமையே இல்லை என்பதன்று நம் வாதம். இளைஞர்களே, தாயத்தை அறுத்தெறிந்த நாம் மாத்திரையைத் தாயத்தாக்கலாமா? ஏன், எதற்கு, எத்தனை நாள் என்று கேளாமல் விழுங்குவது மருத்துவமன்று, பக்தி. அதை அறைத்தோழனுக்கு எடுத்துரைப்பது நம் கடன். எடுத்துரைத்த கையோடு, தூய குடிநீர், கெடாத உணவு, கூலியோடு நோய் விடுப்பு, ஷிப்டு முடியும் வேளையில் மருத்துவர் — இவற்றைக் கேட்டுப் போராடுவதும் நம் கடன். மடையைப் பூட்டும் கையே கடைமடைக்கு வாய்க்காலும் வெட்டட்டும்! அதன் பிறகும் ஒருவன் கரையை உடைப்பானாயின், அன்று சொல்வோம், பிளெமிங்கின் தீர்ப்பு சரி என்று.