உள்ளே இருந்தது எங்கே?

திருச்சிக்குச் சென்றிருந்தபோது, திருவரங்கம் கோயில் வீதிக் கடையொன்றில் வெண்சங்குகளைக் கண்டேன். சங்கு, நம் 22ஆம் தீர்த்தங்கரர் நேமிநாதரின் இலாஞ்சனம். பூசையறைக்கு ஒன்று வாங்க விழைந்து கையில் எடுத்தேன். உடன் வந்த பேத்தி, "தாத்தா, இதற்குள் இருந்தது எங்கே?" என்று வினவினாள். "தானாகச் செத்துக் கரை ஒதுங்கியது, பாப்பா" என்றார் கடைக்காரர்.

உண்மை அதுவா? சங்கு, மன்னார் வளைகுடாவின் மணற்பாங்கான கடலடியில் புழுக்களை உண்டு வாழும் பெரிய நத்தையின் ஓடு. தூத்துக்குடிப் பகுதியில் அதனை மூழ்கி எடுப்பர். சதையை நீக்கி, மேலே படிந்துள்ள பழுப்புத் தோலைக் களைந்து மெருகிடுவர். வங்காள மணமகளிரின் வளையல்களும் இதை அறுத்துச் செய்பவையே. இத்தொழில் பற்றி ஜேம்ஸ் ஹார்னெல் 1914ஆம் ஆண்டிலேயே தனி நூல் எழுதினார். தானே இறந்த நத்தையின் ஓடு கடலில் நெடுநாள் கிடந்தால் துளைபட்டு ஒளி மங்கிவிடும். பழுதற்றுப் பளபளக்கும் சங்கு பெரும்பாலும் உயிரோடு எடுக்கப்பட்டதே.

தொல்காப்பிய மரபியல் நந்தினை ஈரறிவுயிர் என வகுக்கும். நம் ஆகமங்களும் சங்கினை மெய், வாய் என்னும் இரு பொறிகளையுடைய இயங்குயிர் என்றே கூறும். இயங்குயிரை அறிந்தே கொல்லாமை இல்லறத்தாரின் அணுவிரதம் அன்றோ?

"நான் கொல்லவில்லையே, ஓட்டைத்தானே வாங்குகிறேன்" எனலாம். ஆனால் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவகையாலும் வினை வந்து சேரும் என்பது நம் அறம். நாம் கொடுக்கும் விலையே அடுத்த சங்கினை எடுக்க வைக்கிறது. மூச்சடக்கி மூழ்கி வயிறு வளர்ப்பவரைப் பழிப்பது எளிது. வாங்கும் நம் கையை நோக்குவதே அரிது. முன்னோர் விட்டுச் சென்ற பழஞ்சங்கு வீட்டில் இருப்பின் அதனால் புதுக்கொலை நேராது. புதிதாக வாங்குவதன் நிலை வேறு.

தம் மணவிருந்துக்கென அடைக்கப்பட்ட விலங்குகளின் ஓலம் கேட்டு, மணத்தையே துறந்து சென்றவர் நேமிநாதர். அவ்விலங்குகளுக்கு ஓலமிட வாய் இருந்தது. சங்கு ஓலமிடாது. கதறும் உயிர்க்கு இரங்குவது இயல்பு. கதறாத உயிர்க்கும் இரங்குவதே அகிம்சையின் முதிர்ச்சி. அவருடைய பீடத்தில் கல்லில் செதுக்கிய சங்கு எவ்வுயிரையும் வருத்தியதில்லை. நம் இல்லத்துச் சங்கும் அத்தகையதாக இருத்தல் வேண்டாவா?

கையிலிருந்ததை வைத்துவிட்டுத் திரும்பினோம். மறுநாள் காலை பேத்தி பூசையறையில் அரிசி மாவால் ஒரு சங்கு வரைந்தாள். அதன்முன் விளக்கேற்றி வணங்கினோம்.