பாரமும் பிணைப்பும்

காற்றில் பறக்கும் ஒரு தாளைப் பிடித்து நிறுத்த ஒரு சிறு பாரம் வேண்டியிருந்தது. அதைத் தேடிப் போன இடத்தில்தான் இந்தக் கட்டுரைக்கு விஷயம் கிடைத்தது.

தாள் என் மகனுடைய பள்ளிக்கூட விண்ணப்பம். பத்தாம் வகுப்பை முடித்திருக்கும் அவன் மேலே எந்தப் பிரிவில் சேரப் போகிறான் என்று எழுதி, நான் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். கணிதமும் விஞ்ஞானமும் உள்ள பிரிவு என்பது என் முடிவு. வரலாறு படிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. என்னுடையதற்கு முடிவு என்றும், அவனுடையதற்கு ஆசை என்றும் இரண்டு வேறு சொற்களைப் போட்டிருக்கிறேனே, கவனித்தீர்களா? வீட்டுப் பெரியவர்கள் பேசும் மொழியின் இலக்கணமே அப்படித்தான் அமைந்துவிட்டது.

வழக்கமாகத் தாள்களின் மேல் வைக்கும் கண்ணாடிக் குண்டைக் காணவில்லை. மாடியறைக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே என் அகராதியின் இரண்டு தொகுதிகள், சமையலறையிலிருந்து மாயமான சிறிய குழவிக்கல், கண்ணாடிக் குண்டு எல்லாம் வரிசையாகக் குடியேறியிருந்தன. எல்லாவற்றுக்கும் நடுவில் என் தகப்பனாரின் மளிகைக் கடை எடைக்கற்கள்! கடைக்கு மின்தராசு வந்த பிறகு சாக்கில் கட்டிப் பரணில் போட்டவை. அடியில் ஈயம் ஊற்றி, அதன்மேல் அரசாங்க முத்திரை குத்திய இரும்புக் கற்கள். எத்தனையோ மூட்டைப் பருப்பையும் சீனியையும் நிறுத்த அவை இப்போது ஒரு கப்பலின்மேல் உட்கார்ந்திருந்தன.

கப்பல் என்றா சொன்னேன்? தோணி. தூத்துக்குடியிலிருந்து பாய் விரித்துக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிச் சென்ற மரத்தோணிகளைப் பற்றி என் தகப்பனார் தம் கடைசி நாட்களில் பேரனுக்குக் கதை கதையாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் கதைகளிலிருந்துதான் அவனுக்கு வரலாற்றுப் பைத்தியம் பிடித்தது. அதிலிருந்து தோணியின் மாதிரி ஒன்றைத் தன் கையாலேயே செய்துவிட வேண்டும் என்ற பைத்தியமும் தொற்றிக்கொண்டது.

அவன் கையாண்ட முறை எனக்குப் புதிது. முழு மரக்கட்டையைக் குடையாமல், மெல்லிய பலகைகளைத் தோணியின் வடிவத்துக்கு வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை தடவி அடுக்கி, இறுகிய பிறகு வெளிப்புறத்தை இழைத்துச் செதுக்குவது. மேல்நாட்டார் இதற்கு ‘ரொட்டியும் வெண்ணெயும்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பலகை ரொட்டி, பசை வெண்ணெய். ஒவ்வோர் அடுக்கு ஒட்டும்போதும் மேலே ஒரு தட்டைப் பலகை, அதன்மேல் எடைக்கல்.

“இவ்வளவு பாரம் எதற்கப்பா? பசைதான் ஒட்டப்போகிறதே?” என்று கேட்டேன்.

அவன் விளக்கினான். தச்சர்கள் இன்று பயன்படுத்தும் வெள்ளைப் பசையில் பாதிக்குமேல் தண்ணீர். அந்தத் தண்ணீர் மரத்தின் நுண்துளைகளிலும் காற்றிலும் போன பிறகே பசை பசையாகிறது. முதற்பிடி பிடிக்க அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகலாம். முழு வலிமை வர ஒருநாள் வேண்டும். அதுவரை இரண்டு பலகைகளும் இடைவெளியில்லாமல் நெருங்கி, அசையாமல் இருக்க வேண்டும். ஈரப் பசை எண்ணெய் மாதிரி வழுக்கும். மரமோ ஈரம் பட்டதும் வளையப் பார்க்கும். “கல் ஒட்டாதுப்பா. ஒட்டுறது பசைதான். கல் சும்மா காவல் இருக்கு” என்றான்.

அன்று மாலை அவன் வெளியே போயிருந்தபோது நான் ஒரு காரியம் செய்தேன். ஒட்டிவிட்டதா என்று பார்க்கும் ஆசையில் கல்லைத் தூக்கி, மேற்பலகையை விரலால் லேசாக அசைத்தேன். அது நகர்ந்தது. பயந்துபோய்க் கல்லை அவசரமாகத் திரும்ப வைத்தேன். மறுநாள் பார்த்தால், அந்த அடுக்கு நகக்கண் அளவு கோணலாக இறுகியிருந்தது. சரியாக வைத்ததைச் சரியாகவும், கோணலாக வைத்ததைக் கோணலாகவும் நிலைக்கச் செய்கிறது பாரம். அதற்குச் சரி எது, தவறு எது என்று தெரியாது.

“அப்பா, நீங்க எடுத்துப் பாத்தீங்களா?” என்றான்.

“இல்லையே” என்றேன்.

கதை எழுதிப் பிழைப்பவனுக்கு அந்தப் பொய் இயல்பாகவே வந்தது. ஆனால் சொல்லி முடித்ததும் கண் அந்த எடைக்கற்களின்மேல் போய் விழுந்தது. “எடைக்கல்லு பொய் சொல்லாதுலே. அதைத் தூக்கி வைக்கிற கைதான் சொல்லும்” என்று கடையில் எங்கள் தகப்பனார் சொல்லுவார். இரவு படுக்கப் போகுமுன் மகனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். “பரவால்லப்பா, செதுக்கும்போது சரி பண்ணிக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

நான் நினைத்துக்கொண்டிருந்தது தோணியை அல்ல, என் அண்ணனை.

எங்கள் தகப்பனார் கெட்டவரல்லர். பிள்ளைகள் சிதறிவிடக் கூடாது, கடையும் குடும்பமும் ஒன்றாக நிற்க வேண்டும் என்ற ஒரே நோக்கம் உடையவர். அண்ணனுக்கு இயந்திரங்களில் மோகம். பழுதான எந்த மோட்டாரையும் பிரித்து மாட்டிவிடுவான். தகப்பனார் அவனைப் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு கடையில் உட்கார வைத்தார். பத்து ஆண்டுகள். கல்லாப்பெட்டிச் சாவியைத் தரவில்லை. விரும்பிய வேலைக்குப் போகவும் விடவில்லை. ஒருநாள் காலை அண்ணனின் படுக்கை காலியாக இருந்தது. வடக்கே ஏதோ ஓர் ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிறகு தகப்பனாரின் சாவுக்குத்தான் வந்தான்.

அளவுக்கு மீறி அழுத்தினால் பசை முழுவதும் ஓரங்களில் பிதுங்கி வெளியேறிவிடும். வெளிப்பார்வைக்கு இணைப்பு இறுக்கமாகத்தான் தெரியும். உள்ளே பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. இத்தகைய இணைப்பைப் ‘பட்டினி கிடந்த இணைப்பு’ என்று பொருள்படும் பெயரால் ஆங்கிலத் தச்சர்கள் குறிப்பிடுகிறார்கள். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். ‘ஒட்டும் இல்லை, உறவும் இல்லை’ என்று ஊரில் சொல்வார்களே, அந்த ஒட்டு எங்கே போயிற்று? அதை வெளியேற்றியது அந்நியர் எவரும் இல்லை. ஒட்ட வேண்டும் என்று அழுத்திய கையே வெளியேற்றிவிட்டது.

இன்னொரு தவறும் உண்டு. பிதுங்கிய பசை பலகையின் விளிம்பைத் தாண்டிப் பரவிப் பாரத்தையும் பற்றிக்கொள்ளும். அதனால் அனுபவசாலிகள் நடுவில் ஒரு மெழுகுத் தாளைப் போடுகிறார்கள். புதிதாக மணமான இருவருக்கு நடுவில் எத்தனை வீடுகளில் தாயும் தகப்பனும் ஒட்டிக்கொண்டு கிடக்கிறார்கள்! அவர்களை இறக்கி வைக்கவும் முடிவதில்லை. சுமந்துகொண்டே வாழவும் முடிவதில்லை. துணையாக வந்த பாரம் தன்னையே இணைப்பின் ஒரு பகுதி என்று எண்ணிக்கொள்வதால் விளையும் துன்பம் இது.

அப்படியானால் பாரமே வேண்டாமா? இந்தக் காலத்தின் பதில் அதுதான். நொடியில் ஒட்டும் பசை இன்று பெட்டிக்கடையிலும் கிடைக்கிறது. அமெரிக்காவில் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தைச் சேர்ந்த ஹாரி கூவர் அந்தப் பொருளை முதலில் கண்டபோது, எதைத் தொட்டாலும் ஒட்டிக்கொள்ளும் தொல்லை என்று ஒதுக்கிவிட்டார். 1951-இல்தான் அந்தத் தொல்லையே அதன் சிறப்பு என்பது புலப்பட்டது. 1958-இல் விற்பனைக்கு வந்தது. காத்திருக்க வேண்டாம், பாரம் வேண்டாம். ஆனால் வைத்த இடம் தவறென்றால் திருத்தவும் முடியாது. வெள்ளைப் பசை தரும் அந்தச் சில நிமிடங்களில் பலகையை இப்படியும் அப்படியும் நகர்த்திச் சரிபார்க்கலாம். ஈரம் இருக்கும்வரைதான் திருத்த முடியும். தமிழில் ஈரம் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் இருப்பது உங்களுக்குத் தெரியும். மனிதர்கள் விஷயத்திலும் அது உண்மைதான்.

ஆகவே பாரம் வேண்டும். எவ்வளவு, எதுவரை என்பதுதான் கேள்வி. இங்கே ஒரு வாசகர் குறுக்கிட்டு, “மரத்துக்கு மனம் கிடையாது, பாரம் வலிக்காது. மனிதர்களை அதனோடு ஒப்பிடலாமா?” என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. எனக்கும் அது உறுத்திக்கொண்டுதான் இருந்தது. அதற்கு விடை, கப்பல்களைப் பற்றி மகன் வைத்திருந்த ஒரு புத்தகத்தில் வேறு உருவில் கிடைத்தது.

கணினி வருவதற்கு முன் கப்பல் கட்டும் தளங்களில் வரைபடம் வரைபவர்களும் பாரங்களைப் பயன்படுத்தினார்கள். ஈயத்தால் வார்த்தவை. வடிவத்தைப் பார்த்து அவற்றுக்கு ‘வாத்து’ என்று செல்லப் பெயர். சிலர் ‘திமிங்கிலம்’ என்பார்கள். கப்பலின் வளைவை வரைய, மெல்லிய, வளையக்கூடிய ஒரு மரச்சட்டத்தைத் தாளின்மேல் வைத்து, சில புள்ளிகளில் மட்டும் இந்த வாத்துகளால் அதைப் பிடித்து நிறுத்துவார்கள். ஒரு வாத்துக்கும் அடுத்த வாத்துக்கும் நடுவில் சட்டம் தன் இயல்புப்படி வளைந்து நிற்கும். அந்த இயல்பான வளைவே கப்பலின் வளைவு. 1946-இல் ஷோன்பெர்க் என்ற கணித மேதை ஒருவகை வளைகோடுகளுக்கு அந்தச் சட்டத்தின் பெயரையே சூட்டினார். இன்றைக்கும் காரையும் விமானத்தையும் கணினியில் வடிவமைக்க அந்தக் கணிதம் உதவுகிறது.

என்னைப் பிடித்து நிறுத்தியது அதற்கு அடுத்த செய்தி. வளைவு சரியா என்று தெரியாதபோது, வரைபவர் ஒரு வாத்தை மெல்லத் தூக்கிப் பார்ப்பார். சட்டம் அசையாமல் இருந்தால் வளைவு சரி. துள்ளி விலகினால், அந்தப் புள்ளியில் சட்டத்தை அதன் இயல்புக்கு மாறாக வருத்தியிருக்கிறோம் என்று பொருள். தவறு சட்டத்தினுடையதல்ல, புள்ளியினுடையது.

ஆக, பாரத்தைத் தூக்கிப் பார்ப்பது ஒரு வேலையைக் கெடுக்கிறது. இன்னொரு வேலைக்கு அதுவே சோதனை. எது எந்த வேலை என்று தெரிந்திருப்பதுதான் பாரம் வைப்பவனின் அறிவு என்று எனக்குப் படுகிறது.

பிள்ளைகளிடம் இரண்டும் உண்டு. உண்மை பேசுவது, கொடுத்த வாக்கைக் காப்பது, எளியவரை ஏய்க்காமல் இருப்பது — இவையெல்லாம் ஒட்ட வேண்டியவை. இவற்றின்மேல் வைத்த பாரத்தை இடையில் தூக்கித் தூக்கிப் பார்க்கக் கூடாது. தகப்பன் ஒருநாள் சலுகை காட்டிக் கையை எடுத்தால் அடுக்கு நகர்ந்துவிடும். தானே பொய் சொன்னால் கோணலாகவே இறுகிவிடும். ஆனால் எந்தத் தொழிலில் ஈடுபடுவது, எதைப் படிப்பது, யாரை மணப்பது — இவை வளையும் சட்டங்கள். இவற்றைச் சில புள்ளிகளில் தாங்கிப் பிடிக்கலாம். ஆனால் அவ்வப்போது கையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். துள்ளி விலகுகிறதா என்று பார்க்கும் தைரியம் வேண்டும். மரத்துக்கும் மனிதனுக்கும் உள்ள வித்தியாசம், மனிதனுக்கு வலிக்கிறது என்பது. அந்த வலிதான் அவனுடைய துள்ளல்.

எங்கள் தகப்பனார் பசைக்கு வைக்கும் கல்லைச் சட்டத்தின்மேல் வைத்தார். பத்தாண்டு எடுக்கவே இல்லை. எடுத்தபோது சட்டம் எங்கோ போய்விட்டது.

ஆனால் அவர் கற்றுக்கொண்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும். கல்லூரிப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு நானும் அதே கடையில் உட்கார்ந்தேன். பொட்டலம் மடிக்கும் தாள்களின் பின்புறத்தில் கதை எழுதிக்கொண்டிருப்பேன். அவர் பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பார். இரண்டாவது வருஷம் ஒருநாள் கடையைக் கட்டும் நேரத்தில், “நாளையிலயிருந்து நீ கடைக்கு வரவேண்டாம்லே. ஒருத்தனைப் பிடிச்சு வச்சுப் பார்த்தாச்சு” என்று மட்டும் சொன்னார். இன்று நீங்கள் என் எழுத்தைப் படிக்கிறீர்கள் என்றால், அதற்கான விலையை என் அண்ணன் கொடுத்திருக்கிறான். தம்பிக்கு இறக்கப்பட்ட பாரம், அண்ணன்மேல் இருந்தபோது பாடம் கற்றுக்கொண்ட பாரம்.

இத்தனையும் அனுபவித்த நான் என் மகன் விஷயத்தில் என்ன செய்தேன்? ஒட்ட வேண்டிய இடத்தில் பொய் சொல்லிக் கல்லைத் தூக்கினேன். தூக்கிப் பார்க்க வேண்டிய இடத்தில் கல்லைத் தேடிக்கொண்டு மாடியேறினேன்.

தோணி முடிந்துவிட்டது. என் மேஜைமேல் நிற்கிறது. கோணல் அடுக்கு இருந்த இடத்தை நன்றாக இழைத்துவிட்டான். எனக்கு மட்டும் அது எங்கே என்று தெரியும். எடைக்கற்கள் சாக்கில் கட்டுண்டு மறுபடியும் பரணுக்குப் போய்விட்டன. அண்ணனுக்கு நேற்று ஒரு கடிதம் எழுதினேன். தோணியைப் பற்றித்தான் எழுதினேன். மற்றவற்றை அவனே புரிந்துகொள்வான்.

கண்ணாடிக் குண்டு கீழே வந்துவிட்டது. விண்ணப்பத்தில் பாடப் பிரிவுக்கான கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை. இன்று காலை அந்தத் தாளையும் பேனாவையும் மகன் கையில் கொடுத்து, “நீயே எழுது. கையெழுத்து மட்டும் நான் போடுகிறேன்” என்று சொன்னேன். அவன் என் முகத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, உடனே எழுதாமல், “ரெண்டு நாள் யோசிச்சுட்டு எழுதறேம்பா” என்றான்.

சட்டம் துள்ளவில்லை. மெல்ல அசைந்து, தன் வளைவைத் தேடிக்கொண்டிருக்கிறது. நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாரம் வைப்பதைவிட இது கஷ்டமான வேலை.