வாயைப் பூட்டும் அதிகாரம்

சர்ச்சைக்குரிய பிரமுகர்களைச் சமூக ஊடகங்களிலிருந்து விலக்கலாமா என்று கேட்டால், நம்மில் பலர் ஆளைப் பார்த்தே விடை சொல்கிறோம். நமக்கு ஆகாதவரென்றால் ‘விலக்கத்தான் வேண்டும்’ என்கிறோம்; வேண்டியவரென்றால் ‘பேச்சுரிமை என்னாயிற்று?’ என்கிறோம். இது நியாயமாகாது.

பர்மாவில் நடந்ததை எண்ணிப் பார்ப்போம். 2014 ஜூலையில், மாண்டலே நகரில் தேநீர்க்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம், பெண்ணொருத்தியைக் கெடுத்துவிட்டதாகப் புரளி கிளம்பிற்று. அசின் விராத்து என்னும் புத்த பிக்கு அதைத் தம் பேஸ்புக் பக்கத்தில் பரப்பினார். கலவரம் மூண்டது. இருவர் மாண்டனர், ஒருவர் முஸ்லிம், மற்றவர் பௌத்தர். குற்றச்சாட்டு பொய்யென்பது பிறகுதான் வெளிப்பட்டது. அவருடைய பக்கமோ 2018 ஜனவரியில்தான் நீக்கப்பட்டது. இராணுவத் தளபதி மின் ஆங் ஹ்லைங்கின் கணக்கை நீக்கியது அவ்வாண்டு ஆகஸ்டில். அதற்கு ஓராண்டுக்கு முன்பே ரோஹிங்கியா மக்கள் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுவாசலை இழந்து வங்கதேசத்துக்கு ஓடத் தொடங்கிவிட்டனர்.

ஏன் இந்தத் தாமதம்? 2015-ன் தொடக்கத்தில் பேஸ்புக்கில் பர்மிய மொழி அறிந்து இத்தகைய பதிவுகளைப் பரிசீலித்தவர்கள் இருவரே என்று ராய்ட்டர் செய்தி நிறுவனம் பின்னாளில் எழுதிற்று. ஒரு நாடே பேசிக்கொண்டிருக்க, கேட்பதற்கு இரண்டு பேர்!

ஆகவே நஞ்சு கக்கும் நாவுகளை விலக்கும் அதிகாரம் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அந்த அதிகாரம் யார்மீது பாயும் என்பதையும் பார்க்க வேண்டுமல்லவா? 2021 மே மாதத்தில் பாலஸ்தீன மக்கள் தங்கள் துயரைச் சொல்லி எழுதியவை பல, அதே நிறுவனத்தின் தளங்களில் நீக்கப்பட்டன. அந்நிறுவனமே ஏற்பாடு செய்து 2022-ல் வெளியான ஆய்வு, அரபு மொழிப் பதிவுகள் அளவுக்கு மீறி நீக்கப்பட்டதையும், ஹீப்ரு மொழிப் பதிவுகள் அவ்வளவாகக் கண்டிக்கப்படாததையும் ஒப்புக்கொண்டது. பர்மாவில் உறங்கிய கை இங்கே எத்துணைச் சுறுசுறுப்பு!

ஒருவர் பேச்சு நம் மனத்தைப் புண்படுத்துவது வேறு. ஒரு கூட்டத்தாரின் உயிருக்கே உலை வைப்பது வேறு. முன்னதற்கு மறுமொழி கூறலாம், அல்லது முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். பின்னதற்கு மறுமொழி கூற ஆள் மிஞ்சுவதில்லை. விலக்குவதற்கு இந்த ஒன்றே அளவுகோலாக இருக்கட்டும். வெறும் ‘சர்ச்சை’ போதாது. சர்ச்சைக்கு உள்ளாகாத சீர்திருத்தக்காரர் எவர்?

விலக்குபவர் உண்மையில் நீதிபதியின் இருக்கையில் அமர்கிறார். யமன் நாட்டுக்கு நீதிபதியாகச் சென்ற அலீ (ரலி) அவர்களுக்கு, மறுதரப்பையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்லலாகாது என்றே நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். இன்றைய நீதிபதிகளின் நிலையென்ன? அமெரிக்க நாடாளுமன்றம் 2021 ஜனவரி 6-ல் தாக்கப்பட்டபின், டொனால்ட் டிரம்பை ட்விட்டர் நிரந்தரமாக விலக்கியது. பேஸ்புக் காலவரையின்றி நிறுத்திவைத்தது. நிறுத்தியது சரி, கெடு சொல்லாமல் நிறுத்தியது தவறு என்று பேஸ்புக் அமைத்த மேற்பார்வை மன்றமே அவ்வாண்டு மே மாதம் கூறிற்று. ட்விட்டரில் நடந்தது இன்னும் வேடிக்கை. அதை விலைக்கு வாங்கிய ஈலோன் மஸ்க், 2022 நவம்பரில் ஒரே நாள் வாக்கெடுப்பு நடத்தி அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார். விலக்கியபோது டிரம்ப் செய்தது குற்றமென்றால், முதலாளி மாறியதும் அது குற்றமில்லாமல் போயிற்றா?

பர்மா விஷயத்தில் தாங்கள் போதிய அளவு செய்யவில்லை என்று பேஸ்புக் நிறுவனம் 2018 நவம்பரில் ஒப்புக்கொண்டது. காக்ஸ் பஜார் முகாம்களில், மூங்கிலும் தார்ப்பாயும் கொண்டு கட்டிய குடிசைகளில் அம்மக்கள் அதற்குள் இன்னொரு மழைக்காலத்தையும் கழித்துவிட்டிருந்தார்கள்.