இல்லாமை வேறு, போதும் என்பது வேறு

ஆசிரியர் பயிற்சியின் இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு நிலைபேறான அபிவிருத்திக்கான கல்வி என்றொரு பாடம் இருந்தது. முதல் வகுப்பில் ஒவ்வொருவரும் தத்தம் சூழலியல் காலடித்தடத்தைக் கணக்கிட்டோம். ஒரு மனிதரின் உணவுக்கும் உடைக்கும் பயணத்துக்கும் எவ்வளவு நிலமும் நீரும் செலவாகின்றன என்று அளக்கும் முறை அது. 1990களில் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் றீஸும் மத்திஸ் வாக்கர்நாகலும் உருவாக்கியது. எங்களில் ஒருவருடைய கணக்கும் ஒரு பூமிக்குள் அடங்கவில்லை. விளையாட்டாக, 1992இல் யாழ்ப்பாணத்தில் அம்மா நடத்திய சீவியத்தின் விபரங்களைப் போட்டுப் பார்த்தேன். வகுப்பிலேயே மிகச் சிறிய தடம் அவருடையதுதான். விரிவுரையாளர் மகிழ்ந்துபோனார். சமூகத்தோடு சேர்ந்து நடத்தும் பட்டறையும் பாடத்தின் ஒரு பகுதி. "உங்கள் அம்மாவை அழைத்து வரமுடியுமா?" என்று கேட்டார்.

ஸ்காபரோவில் ஒரு நூலகத்தில் பட்டறை நடந்தது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அளந்து மண்ணெண்ணெய் விட்டு, திரி போட்டு அம்மா விளக்குச் செய்து காட்டினார். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட கதையையும் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். இவ்வளவு குறைவாக வாழ யார் கற்றுத் தந்தார்கள் என்று ஒரு மாணவி கேட்டாள்.

அம்மா சிரித்தார். "ஒருத்தரும் படிப்பிக்கேல்லைப் பிள்ளை. சாமான் வர விடேல்லை. கரண்ட் இருந்திருந்தா நாங்களும் லைற் போட்டிருப்பம். அவைக்குச் சொல்லு."

நான் சொல்லவில்லை. "சிக்கனம் எங்கள் பண்பாட்டில் ஊறியது என்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். காரில் திரும்பும்போது அம்மா கேட்டார்: "நான் நிறையச் சொன்னனான். நீ கொஞ்சமாத்தானே சொன்னனி?"

ஏன் அப்படிச் செய்தேன்? 1990இல் போர் மறுபடி தொடங்கியபின் மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் என்று பல பொருட்களுக்கு வந்த தடையைப் பற்றிச் சொன்னால் அந்த மண்டபத்தின் உற்சாகம் கெட்டுவிடும் என்று பயந்தேன். எங்கள் இல்லாமையை நற்குணமாகப் பாராட்டியது எனக்குப் பிடித்துமிருந்தது.

வளிமண்டலத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது என்று ஒருவர் வாதிடலாம். விரும்பிக் குறைத்தாலும் வழியின்றிக் குறைத்தாலும் காபன் காபன்தான். உண்மை. ஆனால் ஆசிரியரிடம் வருவது பிள்ளைகள். இல்லாமையை முன்மாதிரி ஆக்கினால், இன்றும் மின்சாரம் இல்லாத ஊர்களைப் பார்த்து "அப்படியே இருங்கள்" என்று சொன்னவர்களாகிவிடுவோம். 1987இல் வந்த புருண்ட்லாண்ட் அறிக்கை வருங்காலத் தலைமுறைகளைப் பற்றி மட்டும் பேசவில்லை. உலகின் ஏழைகளுடைய அடிப்படைத் தேவைகளுக்கே முதலிடம் என்றும் அது சொல்கிறது. 1992இல் றியோ மாநாட்டின் நிகழ்ச்சிநிரல் 21, கல்வியையே இந்தத் திசைக்குத் திருப்பக் கேட்டது. ஆசிரியர் பயிற்சியை அப்படித் திருப்புவதற்கென 1999இல் இதே ரொறன்ரோவில், யோர்க் பல்கலைக்கழகத்தில், யுனெஸ்கோ ஆய்விருக்கை ஒன்று அமைந்தது. ஆவணங்களில் குறையில்லை. வகுப்பறைக்கு வரும்போது ஏழைகளைப் பற்றிய பாதி உதிர்ந்துவிடுகிறது. அன்று நூலகத்தில் அதை உதிர்த்தது நான்.

அப்படியென்றால் அம்மாவிடம் கற்க ஒன்றுமில்லையா? இன்றும் அவர் பால் பைகளைக் கழுவி யன்னலோரம் காயவைக்கிறார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அதே அம்மாவின் அலுமாரி நிறையச் சவர்க்காரக் கட்டிகள். மலிவு விற்பனை என்றால் இன்னும் பத்து வாங்குவார். தட்டுப்பாடு அவருக்குச் சிக்கனத்தோடு பயத்தையும் சேர்த்தே கொடுத்திருக்கிறது. பயத்தில் பிறந்த பழக்கத்தைப் பாடத்திட்டமாக்க முடியாது. அவருடைய கைத்திறனைக் கற்கலாம். அது எப்படி வந்தது என்பதையும் சேர்த்துக் கற்கவேண்டும்.

"போதும்" என்ற சொல்லுக்குப் பொருள் வருவது இன்னும் எடுக்கக்கூடியவர் சொல்லும்போதுதான். 1992இல் அம்மாவால் அதைச் சொல்லியிருக்க முடியாது. இன்று என்னால் முடியும். எடுக்க என்னிடம் இருக்கிறது: இரண்டு கார்கள் நிற்கும் வீடு, இரண்டு வருடத்துக்கொருமுறை கொழும்புக்கு விமானம்.

சமூகப் பங்காளி என்ற பெயரில் ஒரு முதியவரைக் கூப்பிட்டு விளக்குச் செய்யச் சொல்லிக் கைதட்டி அனுப்புவதில் பங்கு எதுவுமில்லை. பட்டறையில் என்ன கேள்வி கேட்பது என்று தீர்மானிக்கும் மேசையில் அம்மாவுக்கும் ஒரு கதிரை இருந்திருக்க வேண்டும். அவர் முதலில் கேட்டிருக்கக்கூடிய கேள்வி எனக்குத் தெரியும்: குறைக்கச் சொல்லுறது ஆருக்கு?

இப்போது ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். ஜாம் போத்தல் விளக்கை வருடாவருடம் கொண்டுபோகிறேன். அம்மா சொன்னதைத் தமிழிலேயே ஒருமுறை சொல்லி, பிறகு ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்க்கிறேன். ஓகஸ்ட்டில் நான் ஊருக்குப் பறக்கப் போவதையும் மறைப்பதில்லை. போகத்தான் வேண்டுமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அம்மம்மா அங்கே இருக்கிறார் என்கிறேன். அது போதுமான பதிலா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை அவர்கள் கேட்கும்படி வகுப்பை நடத்துவது என் வேலை.