பள்ளிவாசல் மதிலுக்கு அப்பால்

சென்ற நோன்பில் ஒருநாள் மஃரிப் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, எங்கள் பள்ளிவாசல் மோதினார் ஹவுழுக்குப் பின்னால் குந்தியிருந்து கஞ்சிக் கோப்பைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். மிச்சக் கஞ்சி ஒரு வாளிக்குள், பிளாஸ்டிக் கோப்பைகள் ஒரு சாக்கிற்குள், ஈத்தம்பழக் கொட்டைகள் ஒரு பக்கம். அக்கோப்பைகளுள் ஒன்று என்னுடையது. இகாமத் சொல்லிவிட்டார்களென்று பாதியில் வைத்துவிட்டு எழுந்து போயிருந்தேன்.

"தம்பி, மிச்சம் வெச்சா எனக்குத்தான் வேல கூட" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அன்றிரவு தராவீஹில் நின்றபோதும் அந்தச் சிரிப்பு என்னை விடவில்லை. சுத்தம் என்று நாம் எதைச் சொல்கிறோம்?

பிக்ஹு நூல்கள் தஹாரத்திலிருந்தே தொடங்குகின்றன. எது நஜீஸ், எத்தனை முறை கழுவ வேண்டும் என்பதெல்லாம் குர்ஆன் மத்ரஸாவிலேயே நமக்குப் பாடம். ஆனால் பிளாஸ்டிக் கோப்பை நஜீஸ் அல்ல. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தொழுதாலும் தொழுகை கூடும். அதனால் அது நம் மனதை உறுத்துவதில்லை. எனக்குப் படுவது, இது தஹாரத்தின் விவகாரமல்ல, ஹக்கின் விவகாரம். பள்ளிவாசல் முற்றம் பளிங்குபோல் மின்னுகிறது. குப்பை மதிலுக்கு அப்பால் போய்விட்டது. அந்த அப்பால் யாருடைய இடம்?

2017 ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு தினத்தில், கொழும்பு மீத்தொட்டமுல்லையில் குப்பைமேடு வீடுகள்மீது சரிந்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டில், சுற்றுவட்டார ஊர்களின் குப்பை கொட்டப்படும் இடத்தில், பொலித்தீனைத் தின்று யானைகள் சாகும் செய்தி 2022இல் உலகெங்கும் போனது. அந்த வயிறுகளில் நமது கந்தூரிச் சோற்றுப் பையொன்றும் இருக்கவில்லையென்று சத்தியம் செய்ய என்னால் முடியாது.

பாதையில் கிடக்கும் இடைஞ்சலை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் கடைசியானதாக எண்ணிய மார்க்கம் நமது. கடைசி என்பதை அற்பம் என்று வாசித்துவிட்டோமோ? அகற்றுவதென்றால் அடுத்தவன் பாதையில் போடுவதுமல்ல. (நபிகளார் (ஸல்) ஒரு முத்து தண்ணீரில், இரு கையள்ளும் அளவில், வுழூச் செய்ததைக் குத்பாவில் கேட்டுவிட்டு, குழாயை முழுதாகத் திறந்துவைத்து வுழூச் செய்கிறவர்கள்தானே நாம்!)

நிர்வாகக் கூட்டத்தில் பேசினேன். "சனம் அமல் செய்ய வருது, குப்பை பிரிக்க இல்ல" என்றார் ஒருவர். அதற்குப் பதில் சொல்வது எளிது. இன்னொருவர் கேட்டதுதான் கனமான கேள்வி: "நாம பிரிச்சு வெச்சாலும் ட்ரக்டர்ல எல்லாத்தையும் ஒண்டாத்தானே அள்ளிக்கொண்டு போறாங்க?"

உண்மை. இரண்டு வாளிகளுக்கு இரண்டு நிறம் பூசிவிட்டு மனச்சாட்சியை உறங்கவைக்கலாம். பிரிக்கும் வேலையோ பழையபடி மோதினாரின் கைக்கே வரும். சில நாட்கள் யோசித்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது, ட்ரக்டரில் ஏற்றத் தேவையில்லாததை ஏற்றாமலிருப்பதே முதற்காரியம் என்று. உக்கக்கூடியது பள்ளித் தென்னைகளுக்கு அருகே வெட்டிய கிடங்குக்கு. போத்தல்கள் பழைய போத்தல் வாங்க வருபவருக்கு. கோப்பையோ வேண்டவே வேண்டாம். என் சிறு வயதில் பீங்கானில்தானே கஞ்சி குடித்தோம்.

பீங்கானை யார் கழுவுவது? கூட்டம் அமைதியாயிற்று. மோதினார் வாயிலருகே நின்றிருந்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. பார்க்காததே பார்த்ததுபோலத்தான் இருந்தது. குடித்தவரே கழுவுவதென்று, நிர்வாகம் அரைமனதோடு கடைசிப் பத்துக்கு மட்டும் சம்மதித்தது.

இருபத்தேழாம் இரவு நானும் குழாயடியில் நின்று என் பீங்கானைக் கழுவி அடுக்கில் வைத்தேன். மோதினார் அதை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, என்னிடமே திருப்பித் தந்தார். விளிம்பில் கஞ்சி ஒட்டியிருந்தது.