நினைவு அழிந்தபின் ‘நான்’

தாம்பரம் என்பது எது? 1931-இல் கடற்கரை நிலையத்திலிருந்து இங்கு ஓடத்தொடங்கிய மீட்டர் கேஜ் மின்ரயில் 2004-இல் நின்றுபோயிற்று, அகலப்பாதை வந்தது. வயல்கள் வீட்டுமனைகளாயின. 2021-இல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து மாநகராட்சியாயின. இருப்புப்பாதையும் எல்லையும் மக்களும் மாறியபின் எஞ்சி நிற்பது பெயர் ஒன்றே.

மனிதனும் இத்தகையவனே என்கிறது பௌத்தம். உரு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு எனும் ஐங்கந்தங்களின் கூட்டத்திற்கு இட்ட பெயரே ‘நான்’. உள்ளே நிலையான ஒருவன் இல்லை. தமிழில் மணிமேகலை இந்த ஐங்கந்தங்களைப் பேசுகிறது. இக்கொள்கையை எள்ளி நகையாட நமக்கு மனம் வருவதில்லை. ‘எனது, எனது’ என்று பற்றித் துன்புறும் மனிதனின் பிடியைத் தளர்த்தவே அது சொல்லப்பட்டது.

ஆயினும் அதற்கொரு தடை உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் அதை எழுப்பினார். ஆன்மா இல்லையென ஆய்ந்து சொல்வதற்கும் ஓர் அறிவு வேண்டும். உடலை ‘எனது’ என்பவன் உடலுக்கு வேறாக இருத்தல் வேண்டும். அவருக்கு எட்டு நூற்றாண்டுகள் முன்னரே புனித அகுஸ்தீனார், ஏமாறுவதற்கும் ஒருவன் இருந்தாகவேண்டும் என்று வாதிட்டார். தாம்பரம் தன்னைக் குறித்து ஐயுறுவதில்லை. மனிதன் ஐயுறுகிறான். 1896-இல் மதுரையில், பதினாறு வயதில், சாவை உள்ளத்தால் எதிர்கொண்ட இரமணரும் உடலோடு மாளாத ஒன்று உண்டென்றே தெளிந்தார். அவர் மயக்கமென்று தள்ளியது அகந்தையை. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவோர் நம்மிடையே மிகப் பலர்.

நூலறையில் இவ்வளவு போதும். நோயாளியின் கட்டிலருகே போதாது. சேலையூரில் ஒரு வீட்டிற்கு நோயிற்பூசுதலுக்காகச் சென்றிருந்தோம். முதியவர் மின்ரயில் பணிமனையில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். மறதி நோய் முற்றி, தம் பெயரையும் இழந்துவிட்டார். மகள் வாயிலிலேயே நம்மை நிறுத்தினார். “அப்பா எப்பவோ போயிட்டார், ஃபாதர். உடம்புதான் இருக்கு. யாருக்குப் பூசப் போறீங்க?”

மெய்கண்டாரின் வாதமோ அகுஸ்தீனாரின் வாதமோ அங்கே உதவவில்லை. ‘நான்’ என்று சொல்லவும், ‘நான் இல்லை’ என்று மறுக்கவும் அம்முதியவரால் இயலாது. கையைப் பற்றி நெற்றிக்கு உயர்த்தினால் சிலுவை அடையாளம் தானே தொடரும். பழகிய செயல்கள் மற்ற நினைவுகளைவிட நெடுங்காலம் தங்குவதுண்டு. ஆயின் அதன்மேல் எதையும் கட்டலாகாது. நாளை அதுவும் நின்றுவிடக்கூடும். அப்போது அவர் இல்லாமற் போய்விடுவாரா?

ஆன்மாவைக் கூட்டிலிருந்து பறக்கும் பறவையாக எண்ணும் வழக்கம் நம் மக்களிடம் வேரூன்றியது. ஆன்மாவைக் குறித்து ‘ஆத்தும நிருணயம்’ என்று தமிழில் தனிநூலே செய்தார் தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி. பறவை மட்டும் நம் பேச்சைவிட்டு அகலவில்லை. 1312-இல் வியன் பொதுச்சங்கம் கற்பித்தது வேறு: ஆன்மாவே உடலுக்கு உருத்தரும் உயிர்த்தத்துவம். புனித தோமா அக்குவினாஸ் இன்னும் துணிந்தவர். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 15-ஆம் அதிகாரத்திற்கு உரை எழுதுகையில், தம் ஆன்மா மட்டும் தாம் ஆகாது என்கிறார். மறுவாழ்வில் உடலும் எழவேண்டும் என்பதற்கு அவர் காட்டும் காரணம் அது. அங்ஙனமெனில் மூச்சுவிடும் அந்த உடல் யாரோ விட்டுச்சென்ற கூடு அன்று. மகள் நாள்தோறும் குளிப்பாட்டுவது தந்தையையே. நினைவு அவருடைய உடைமை. அதை இழந்தவர் ஏழையானார், இல்லாதவர் ஆகிவிடவில்லை.

1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1006-ஆம் பிரிவும் இதே துணிவில் நிற்கிறது. அறிவு தெளிந்திருந்த நாளில் மறைமுகமாகவேனும் கேட்டவருக்கு இவ்வருளடையாளம் வழங்கப்படவேண்டும். அன்று கேட்டவரும் இன்று பெறுபவரும் ஒருவரே என்று அச்சட்டம் கொள்கிறது. இடையில் நினைவு அறுந்ததா என்று வினவவில்லை.

அப்பா எப்போதாவது கேட்டதுண்டா என்று மகளிடம் வினவினோம். “நல்லா இருந்தப்பவே சொல்லிட்டார், ஃபாதர். நான் படுத்துட்டா சாமியாரைக் கூப்பிட மறந்துடாதேன்னு” என்றார். கதவைத் திறந்து வழிவிட்டார்.